ஒரு கிராம்

கோலோனில் இன்று பெண்களின் வியாழன்.
கத்தரிக்கோலோடு வந்தாள் ரோஸ்விதா,
ஃபோல்க்மாரின் நீலக் கழுத்துப்பட்டையைப்
பாதியில் நறுக்கி
வெப்பக் கட்டுப்பாட்டு மேசையில் ஒட்டினாள்.
அவர் திட்ட இயக்குநர். எதுவும் சொல்லவில்லை.
மிச்சப் பட்டையை நீவிவிட்டுக்கொண்டார்
முழுசாக இருப்பதுபோல.

வெளியே டிராம் தடத்தில் முரசுச் சத்தம்.
உள்ளே நாங்கள் பதினொரு பேர்.
திரையில் ஒரு பச்சைக் கோடு,
அதுவும் இருபத்தேழு நிமிடம் பழசு.

கீசல் என்று பெயர் வைத்திருந்தோம்.
கூழாங்கல் என்று பொருள்.
இந்த ஊரில் அது நூறு கிலோ.
பெட்டியில் ஏற்ற நான்கு பேர் பிடித்தோம்,
என் கட்டைவிரல் நசுங்கி நகம் கறுத்தது.
அந்த வால்வெள்ளியில் அதன் எடை
ஒரு கிராம்.
ஒரு காகித ஊக்கு.
ஊக்கைக் கீழே வைப்பதா கஷ்டம் என்பீர்கள்.
கீழே என்று ஒன்று
இருக்க வேண்டுமே அதற்கு.

மூன்று கால்கள், காலுக்கொரு திருகு.
வயிற்றில் இரண்டு ஈட்டிகள்,
தொட்ட நொடியில் பாய்ந்து பற்றிக்கொள்ள.
பனியா, புழுதியா, கல்லா, நுரையா,
எதில் பாயப்போகிறோமென்று தெரியாமலே
பத்து வருடம் குளிரில் கிடந்த ஈட்டிகள்.

மாலை ஆறு முப்பத்தொன்று.
தொட்டது.

ஃபோல்க்மார் எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள்.
இழுப்பறையில் ஒளித்துவைத்திருந்த
வண்ணக் காகிதத் துணுக்குகளை
அள்ளி வீசினாள் ரோஸ்விதா.
யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்,
யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என் வேலை மின்னோட்டம்.
ஐந்து சூரியத் தகடுகள், எனக்கு ஐந்து எண்கள்.
முதல் எண் ஏறியது, இறங்கியது.
அடுத்தது ஏறியது, இறங்கியது.
அதற்கடுத்தது.
நின்றுவிட்ட பொருளின்மேல்
வெயில் இப்படி வட்டம் போடாது.

எனக்குத் தெரிந்துவிட்டது.
நாற்பது நொடி நான் யாரிடமும் சொல்லவில்லை.
கணக்கைச் சரிபார்த்தேன் என்று
பின்னால் அறிக்கையில் எழுதினேன்.
பொய்.
அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, "ஃபோல்க்மார்" என்றேன், "அது நிற்கவில்லை."
அவர் புருவத்தில் மஞ்சள் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.
கடைசிவரை யாரும் அதை எடுத்துவிடவில்லை.

ஈட்டிகள் பாயவில்லை.
நாங்கள் கைதட்டியதற்கு
இருபத்தேழு நிமிடம் முன்பே
மறுபடி ஆகாயத்தில் இருந்தது கூழாங்கல்.
ஒரே துள்ளலில் இரண்டு மணி நேரம்.
அது எங்கே விழுமென்று சொல்ல
எந்தச் சூத்திரமும் துணியவில்லை.

பாறையிடுக்கில் சாய்ந்து கிடந்தது கடைசியில்.
முதல் படம் வந்தது:
இருட்டு, மேலும் இருட்டு,
ஓரத்தில் வெயில்பட்ட விரலளவு கல்,
எதையும் தொடாமல் நீட்டிய ஒரு கால்.

மின்கலத்தில் ஐம்பத்தெட்டு மணி நேரம்.
துளைக்கலாமா வேண்டாமா
என்று வெள்ளி முழுக்கச் சண்டை.
துளைத்தால் உந்தும், உந்தினால் எழும்பும்,
எழும்பினால் திரும்பாது.
"ஒரு கிராம், ஒரு கிராம்" என்று
ஃபோல்க்மார் சுவரைப் பார்த்துச் சொன்னார்.
சாகப்போகிறவன் பட்டினி கிடப்பானேன்
என்றாள் ரோஸ்விதா.
துளைத்தோம்.

சனி இரவு அது மோப்பம் பிடித்து அனுப்பிய பட்டியல்:
அம்மோனியா, கந்தகம், கொஞ்சம் ஆல்கஹால்.
ஊர்வலத்துக் குதிரைகள் போனபின்
நம் தெரு நாறுவது மாதிரியே இருக்கிறதே
என்றார் வேதியியல்காரர்.
இரண்டு நாளுக்குப்பின் அப்போதுதான் சிரித்தோம்.

ஞாயிறு, விடிகாலை நாலேகால்.
என் ஐந்து எண்களும் சுழியம்.
கையெழுத்துப் போட்டு நேரம் குறித்தேன்,
இருபத்தேழு நிமிடத்தைக் கழித்து.

டிராம் நிறுத்தத்தில் ஒரு துப்புரவு வண்டி
உடைந்த புட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனது.
கோமாளி உடையில் ஒருவன் பெஞ்சில் குறட்டை.
நடந்தால் ஏதோ இழுத்தது.
காலைத் தூக்கிப் பார்த்தேன்:
ஊர்வலத்தில் எறிந்த காரமெல் மிட்டாய்,
குதிகாலில் அப்பியிருந்தது.
நடைபாதை விளிம்பில் தேய்த்தேன்,
சாவியால் சுரண்டினேன்.
வரவில்லை.

டிராம் வந்தது.
அறுபத்தெட்டு கிலோவோடு ஏறி
நின்றபடியே போனேன்,
ஒரு கால் மட்டும் தரையைவிட்டு வராமல்.